ஏழாம் ரேக்

அலுவலர் ஒட்டன்சத்திரத்துக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார்.
பாட்டில் கழுவவும் நுனி வெட்டவும்தான் எனக்குச் சம்பளம்,
பேசுவதற்கில்லை.
ஆனால் தாண்டிக்குடி பஸ் வந்து நின்றுவிட்டது.
எட்டாம் வகுப்பு. நாற்பத்தொரு பேர்.
கை கழுவ ஒரே குழாய்,
பல் கிட்டுகிற தண்ணீர்.

செருப்பை வெளியே விடுங்கள்,
உள்ளே யாரும் இருமக் கூடாது என்றேன்.
உடனே மூன்று பேருக்கு இருமல் வந்தது.

முதலில் கிழங்கைக் காட்டினேன், மண்ணும் வேருமாய்.
விருப்பாச்சி.
பாதிப் பேரின் அப்பாக்கள் தோளில் சுமப்பது.
முடிக்கொத்து வந்த மரம் எப்படி இருக்கும் என்று கேட்டதும்
மகிழ்மதி தன் முடியை உச்சியில் கூட்டிப் பிடித்துக் காட்டினாள்.
"போன வருசம் அறுபது மரம், மிஸ். வெட்டிப் புதைச்சோம்."
சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

உரித்தேன். சட்டைக்குள் சட்டை.
உரிக்க உரிக்கக் கிழங்கு
முஷ்டியளவு, எலுமிச்சையளவு, புளியங்கொட்டையளவு,
கடைசியில்
கடுகுக்கும் சின்னதாய் ஒரு வெள்ளைப் புள்ளி.
இதுதான் நுனி.
இங்கே செல்கள் பெருகுகிற வேகத்தை
வைரஸ் பெரும்பாலும் எட்டிப் பிடிப்பதில்லை.
நோய்ப்பட்ட மரத்துக்குள்
நோய் இன்னும் வந்து சேராத ஊர்.

"பெரும்பாலும்னா?" என்றான் தவசி.
அதனால்தான் சோதித்துப் பார்க்கிறோம் என்றேன்.
அவனுக்கு அது போதவில்லை.
எனக்கும்தான்.

பாட்டிலுக்குள் கடல்பாசிக் கூழ், சர்க்கரை, உப்புகள்,
துளித்துளியாய் ஹார்மோன்:
ஒன்று முளைக்கச் சொல்லும்,
இன்னொன்று வேர்விடச் சொல்லும்.
அளவு மாறினால் எதையும் கேட்காது செடி,
பொரித்த பணியாரம் மாதிரி உருண்டு கிடக்கும்.
ஏழாம் ரேக்கில் முந்நூறு பாட்டில்.
முந்நூறும் ஒரே நுனி.

அப்போது எல்லாரும் திரும்பி
ஜெனிலாவையும் ஜெசிலாவையும் பார்த்தார்கள்.
ஒரே கரு இரண்டாய்ப் பிரிந்தவர்கள்.
"ஆனா பஸ்ல நான் மட்டுந்தான் வாந்தி எடுத்தேன்"
என்றாள் ஒருத்தி. யார் என்று தெரியவில்லை.

சுவரில் ஒரு பழைய படம்.
இதை நாங்கள் இங்கே செய்வதில்லை என்று சொல்லித்தான் தொடங்கினேன்.
மண்ணில் ஒரு பாக்டீரியா உண்டு.
செடிக்குக் காயம் பட்டால் அதன் வழியே
தன் ஜீனில் ஒரு துண்டைச் செடிக்குள் செருகிவிடும்.
செடியும் அதைத் தன்னுடையது என்றே படித்துக்
கழலை கழலையாய் வீங்கும்.
மனிதர்கள் அந்தத் தபால்காரனைப் பிடித்து
பையிலிருந்த கடிதத்தை எடுத்துவிட்டு
வேறொன்றை வைத்து அனுப்புகிறார்கள்.
பூச்சிக்கு எதிராய் ஒரு வரி,
நோய்க்கு எதிராய் ஒரு வரி.

"அது செடிக்குத் தெரியுமா?"
"பழம் தின்னா நமக்கும் ஒட்டுமா?"
"முன்னூறும் ஒண்ணுன்னா, புதுசா ஒரு நோய் வந்தா
முன்னூறும் ஒரே நாள்ல போயிருமா?"

நடுக்கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது.
ஒட்டாது. இத்தனை வருசம் கீரை தின்று
யார் பச்சையாய்ப் போனோம்?
கடைசிக் கேள்விக்குப் போகலாம் என்றேன்.
அதனால்தான் காட்டோரத்துப் பழைய மரங்களையும்
விட்டுவைக்க வேண்டும் என்றேன்.
முதல் கேள்விக்குச்
சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்றேன்.

போகும்போது ஆளுக்கொரு பாட்டிலைத்
தொட்டுப் பார்க்கக் கொடுத்தேன். தப்புத்தான்.

நாலாம் நாள் ஒன்றில்
பஞ்சு போலப் பூஞ்சை ஏறியிருந்தது.
யாரோ மூடியைத் திறந்து
முகர்ந்து பார்த்திருக்கிறார்கள்.
கண்ணாடியில் இன்னும் மங்கலாய்
ஒரு சின்ன மூக்கின் தடம்.

குக்கரில் போட்டு அவிக்க வேண்டும், அவித்தேன்.
பதிவேட்டில் எழுத வேண்டும், எழுதினேன்:
ரேக் ஏழு. பாட்டில் நூற்றுப் பதினெட்டு. இழப்பு.
'காரணம்' என்ற கட்டத்தில்
வழக்கமாய் 'தொற்று' என்றுதான் போடுவேன்.
அன்று 'மூச்சு' என்று போட்டேன்.
அலுவலர் பார்த்தார், ஒன்றும் கேட்காமல்
கையெழுத்திட்டார்.